கலிவரதன் கோபத்தைப் பழக்கிய கதை

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் கல்யாண நாள். காலையில் பாயசத்துக்குச் சேமியா வறுத்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் ஒரு ஆண்குரல் கட்டடம் அதிர எழுந்தது. தமிழ்க் குரல். எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசும் ஆண் ஒருவர்தான், என் கணவர் கலிவரதன். ஆனால் அவர் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அதனால் யாரோ வேற்றாள் வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஒவ்வொரு வாட்டியும் இதே ரோதனையா பூட்ச்சி! நான் இன்னா உன் வூட்டு வேலக்காரனா?"

கரண்டியும் கையுமாக ஓடினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எதிரே பக்கத்து வீட்டு கெல்லர் அம்மாள். எண்பதை நெருங்குகிறவர், தனியாக இருக்கிறவர். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் எல்லாம் புரிந்திருந்தது.

நாங்கள் ஜெர்மனியின் தெற்கே, ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். இந்தப் பக்கத்தில் 'கேர்வொக்கெ' என்று ஒரு வழக்கம். அடுக்குமாடிப் படிக்கட்டை ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டார் கூட்டித் துடைக்க வேண்டும். யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவில் ஒரு அட்டை தொங்கும். எங்கள் முறை வரும்போதெல்லாம் அவர்தான் துடைப்பார், கெல்லர் அம்மாள்தான் விரலால் தடவிப் பார்ப்பார். அன்றைக்கும் அப்படித்தான் ஒரு மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டில் இதைத்தான் சுத்தம் என்பார்களோ?" என்று கேட்டிருக்கிறார்.

இவர் வீட்டுக்குள் வந்தார். துடைப்பத்தைச் சத்தமில்லாமல் சார்த்தி வைத்தார். பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இத்தினி வருசம் பண்ணதெல்லாம் வேஸ்ட்டு, ஜெயா," என்றார்.

பாயசத்தை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

ஒருவர் ஒருமுறை கத்தியதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். நம் ஊர்க் குழாயடியில் இதைவிடப் பெரிய சத்தம் தினமும் கேட்கிறது, கேட்டுவிட்டு எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு கத்தல் இந்த மனிதருக்கு எவ்வளவு பெரியது என்று சொல்ல, நான் கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டும்.

2

எண்பதுகளின் பிற்பகுதி. கள்ளக்குறிச்சி இப்போது தனி மாவட்டமாகிவிட்டது என்கிறார்கள். அப்போது தென்னாற்காடுதான். அங்கே ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸ். சங்கராபுரத்துக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போனவர்கள். இட ஒதுக்கீட்டில் எனக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் நானும் அந்தக் கரும்பில்தான் இருந்திருப்பேன்.

ஒரு மதியம் வலது கையை இடது கையில் ஏந்திக்கொண்டு ஒரு ஆள் வந்தார். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டை. விரல் முட்டிகள் வீங்கி, தோல் கிழிந்திருந்தது. சங்கராபுரம் சாலையில் தகரக் கொட்டகை போட்டு டிராக்டர் பழுது பார்க்கும் கலிவரதன் என்று சீட்டில் எழுதியிருந்தது.

"எதுல அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஷட்டர்ல."

"ஷட்டர் உங்கள இன்னா பண்ணிச்சு?"

என்னை முறைத்தார். பிறகு அந்த வலியிலும் சிரித்துவிட்டார். உதிரிபாகக் கடைக்காரர் தவறான பேரிங்கைக் கொடுத்துவிட்டு இல்லையென்று சாதித்தாராம். கடைக்காரரை அடிக்க ஓங்கியவர் கடைசி நொடியில் ஷட்டரை அடித்திருக்கிறார். "அதுவே எனக்கு முன்னேத்தம்தான் நர்சம்மா. போன வருசமா இருந்தா அவன் மூஞ்சி," என்றார்.

டாக்டர் எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போட்டார். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இவ்வளவு ஏறக் கூடாதுப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் போனதும் அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

"கோவத்துக்கு மாத்திர எதுனா கீதா நர்சம்மா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. வீட்டில் தட்டு பறக்கிறது, அம்மா தன் பக்கத்தில் வரவே பயப்படுகிறாள், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட விசாரித்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னார்.

மாத்திரை இல்லை என்றேன். ஆனால் ஏதாவது சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. எனக்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பு நோய். பயிற்சிக் காலத்தில்தான் அதோடு வாழக் கற்றுக்கொண்டேன். இழுப்பு வரும்போது காற்று போதவில்லை என்று வாயைப் பிளந்து இழுக்கத்தான் தோன்றும். இழுக்க இழுக்க மார்பு இன்னும் அடைக்கும். முதலில் உள்ளே இருப்பதை வெளியே விட வேண்டும். சூடான டீயை ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து, மெதுவாக, நீளமாக. இடம் உண்டானால் காற்று தானே வரும்.

"உங்க கோவமும் இழுப்பு மாதிரிதான்னு நெனைக்கறேன். எதுக்கும் இத செஞ்சி பாருங்க," என்றேன்.

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து செய்து பார்த்தார். "டீ இல்லாம டீ ஆத்தறதா? செரி," என்றார்.

3

கட்டுப் பிரிக்க வந்தபோது, "இன்னும் இன்னா கீது, எல்லாத்தையும் சொல்லு," என்று நின்றார். நான் என்ன பெரிய யோகியா? எனக்குத் தெரிந்தது கொஞ்சம். விடிந்ததும் மருத்துவமனை மொட்டை மாடியில் மூச்சுப் பயிற்சி, அப்புறம் ஏரிக்கரை வரை நடை, தூங்குவதற்கு முன் எதையும் கேட்காமல், எதையும் வேண்டாமல் சற்று நேரம் சும்மா உட்காருவது. அதைச் சொன்னேன்.

அவர் அதோடு நிற்கவில்லை. கொட்டகையில் தினமும் தண்டாலும் பஸ்கியும் எடுக்க ஆரம்பித்தார். யார் எதைக் கேட்டாலும் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டார். இதனால் ஊரில் அவருக்குக் காது மந்தம் என்று ஒரு பேச்சு பரவியது. எல்லாவற்றுக்கும் மேலே, வியாழக்கிழமை மௌனம். பழுது பார்த்துவிட்டு டிராக்டர் மட்கார்டிலேயே சாக்பீசால் எழுதிவிடுவார்: 'டீசல் ஃபில்டர் போச்சு. நாளைக்கு வா.' படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் சாலையில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "இந்தாளு இன்னா எழுதிக்கிறான்னு கொஞ்சம் பாருய்யா," என்று கேட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். முதலில் சிரித்த பக்கத்துக் கொட்டகை மெக்கானிக்குகள் சிலர் பிறகு காலை நேரத்தில் அவரோடு மூச்சு விட உட்கார்ந்தார்கள்.

இதெல்லாம் உடனே பலித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முதல் வருடம் முழுக்கத் தோல்விதான். வழியில் என்னைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்த பிள்ளை மாதிரி சொல்வார்: "நேத்து தோத்துட்டேன் நர்சம்மா. கொழம்பு கிண்ணம்." அல்லது, "இந்த வாரம் கம்மிதான். ஒரு ஸ்பேனர்தான் பறந்துச்சு."

நான் மாதம் ஒருமுறை மருத்துவ முகாமுக்குக் கல்வராயன் மலைக்குப் போவேன். ஒருமுறை எங்கள் ஜீப் ஏற்றத்தில் நின்றுவிட, அதைப் பழுது பார்க்க அவர்தான் வந்தார். அதற்குப் பிறகு ஜீப்புக்கு அடிக்கடி ஏதோ ஒரு சந்தேகம் வந்தது. டிரைவர் பாஷா பாய்க்கு எல்லாம் புரிந்தது. கரியாலூர்ப் பக்கத்து அருவியில் முகாம் முடிந்து ஒருநாள் கால் நனைத்துக்கொண்டிருந்தோம். இவர் பாறையில் வெகுநேரம் கண் மூடி உட்கார்ந்திருந்தார்.

"கோயிலுக்குப் போனா எதுனா கேக்கத் தோணுது. இங்க ஒண்ணும் கேக்கத் தோணல," என்றார்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான். ஆனால் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் ஊர் எது, நான் வந்த தெரு எது என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

4

பிறகுதான் மரங்கள் விழத் தொடங்கின.

இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் சாலை மறியல் நடந்த ஆண்டுகள் அவை. சாலையோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. தடியடி வாங்கியவர்கள் எங்கள் மருத்துவமனைக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கலிவரதன் அந்தப் போராட்டத்தில் முழு மனதோடு இருந்தார். அவர் தம்பி நன்றாகப் படித்தும் இடம் கிடைக்காமல் ஏர் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பெற்றதைத்தான் அவர்களும் கேட்டார்கள், அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஆனால் தெருக்களில் சாதிப் பெயர் உரக்கக் கேட்க ஆரம்பித்த நாட்கள் அவை. லீவுக்கு ஊருக்குப் போய், சங்கராபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காலனிக்கு நடந்து போகும்போது கால்கள் தானாகவே வேகம் பிடிக்கும்.

அப்படி ஒரு சமயத்தில் முகாமுக்காக மலைக்குப் போனோம். மறுநாள் இறங்கலாம் என்றிருந்தபோது கரியாலூரில் சின்னப்பொண்ணு என்ற பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தலைப்பிரசவம். தொட்டுப் பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும். அவளையும் அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு பாஷா பாய் மலைப் பாதையில் ஜீப்பை இறக்கினார். ஒவ்வொரு வளைவிலும் சின்னப்பொண்ணு என் கையை நசுக்கினாள்.

கச்சிராயபாளையம் தாண்டிக் கள்ளக்குறிச்சி சாலையில் ஒரு ஊர் எல்லை. அங்கே பெரிய புளியமரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கில் ஆட்கள். அது கலிவரதனின் ஊர். முன்னால் நின்றவர் அவருடைய அண்ணன் தணிகாசலம்.

இறங்கிப் போய்க் கும்பிட்டேன். "பிரசவ கேஸ் அண்ணா. கொழந்த குறுக்க கீது. கொஞ்சம் வழி வுடுங்க."

"நேத்து இப்டித்தான் ஆஸ்பத்திரி வண்டின்னு ஒண்ணு வந்துச்சு. உள்ளாற பூரா போலீசு," என்றார் அவர். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. "பக்கத்து ஊர்ல எத்தினி மண்ட ஒடஞ்சிச்சு தெரியுமா உனக்கு?"

தெரியும், அவற்றில் பாதிக்குத் தையல் போட்டவள் நான்தான் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் கூட்டத்தில் ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"ஏய், இது சங்கராபுரத்து காலனி பொண்ணுய்யா. இவ சொன்னா நாம மரத்த நவுத்தணுமா? கேக்கறதுக்கு இவ யாரு?" என்றவன், அதன் பின்னால் ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னான். அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அப்போதுதான் கூட்டத்துக்குள் கலிவரதனைப் பார்த்தேன். அந்த ஆளுக்கு மூன்றடி பின்னால் நின்றுகொண்டிருந்தார். வலது கை முஷ்டியாகிவிட்டது. கோணலாகக் கூடிய அந்த முட்டி எலும்பு வெளுத்துத் தெரிந்தது. அவர் ஒரு அடி அடித்தால் போதும், பத்துப் பேர் இந்தப் பக்கம், பத்துப் பேர் அந்தப் பக்கம் என்று கூட்டம் பிரியும், கல் பறக்கும். ஜீப்பில் அந்தப் பெண் கிடக்கிறாள்.

அவர் உதட்டைக் குவித்தார். டீ ஆற்றுகிற மாதிரி மூச்சை விட்டார். நீளமாக. அந்த ஆள் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். இவர் மறுபடியும் ஒரு மூச்சு விட்டார். பிறகு அவனைத் தாண்டி நேரே அண்ணனிடம் போனார்.

"அண்ணா, மறியல யாரும் நிறுத்த வேணாம். நம்ம டிராக்டர கொண்டாந்து மரத்த ஒரு ஓரமா இழுக்கறேன். ஜீப்பு போவட்டும். போனதும் நானே பழையபடி குறுக்க போட்டுடறேன்."

"அதுக்குள்ள போலீசு வந்துட்டா?"

"வந்தா மரத்துக்கு பதிலா மொத ஆளா நான் குறுக்க படுக்கறேன். இந்தப் போராட்டம் எனக்கும் சேத்துதானேண்ணா."

தணிகாசலம் மரத்தின் மேல் ஏறி இந்தப் பக்கம் வந்தார். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். சின்னப்பொண்ணின் மாமியார் அவரைப் பார்த்து இரண்டு கைகளையும் சேர்த்தாள். அவர் திரும்பிக் கலிவரதனிடம், "சீக்கிரம் பண்ணு," என்றார்.

வார்த்தை சொன்ன ஆள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனான். நுனிப் பக்கம் சங்கிலி கட்டி டிராக்டர் இழுத்தது. கிளைகள் தார்ச்சாலையைப் பிராண்டிக்கொண்டு நகர்ந்தன. ஒரு ஜீப் போகும் அளவுக்கு இடம் உண்டானதும் பாஷா பாய் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டார். பின்பக்கமாகத் திரும்பிப் பார்த்தேன். கலிவரதன் சங்கிலியை மறுபக்கம் மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். சொன்னபடியே மரத்தைத் திரும்பவும் குறுக்கே போட்டார்.

அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை. முதலில் அழவில்லை, தட்டியதும் அழுதது. தாயும் பிழைத்தாள்.

சாயங்காலம் அவர் அத்தனை தூரமும் நடந்தே வந்துவிட்டார். குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தார்.

"கோவம் போவல நர்சம்மா," என்றார். மார்பைத் தொட்டுக் காட்டினார். "இன்னும் இங்கயேதான் கீது. அவன அடிக்கணும்னு கை இன்னும் துடிக்குது."

"அப்பறம் எப்டி அடிக்காம இருந்தீங்க?"

"அதுக்கு ஒரு வேல குடுத்தேன். மரத்த இழுன்னு சொன்னேன்."

பிறகு அவர், "ஜெயக்கொடின்னு உன் பேர சொல்லி கூப்ட்டா தப்பா?" என்று கேட்டார்.

தப்பில்லை என்றேன்.

5

திருக்கோவிலூரில் பதிவுத் திருமணம். பாஷா பாய் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தணிகாசலம் வரவில்லை, ஆனால் எங்களைத் தடுக்க வரக் கிளம்பிய ஆட்களை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அந்தக் காலத்தில் அது எங்களுக்குப் பெரிய சீர்வரிசை.

சில வருடங்களில் எனக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. பின்னாலேயே அவர் வந்தார். பஸ் பணிமனையில் முதலில் வண்டி கழுவினார், அப்புறம் இன்ஜினைத் தொட விட்டார்கள். வியாழக்கிழமை மௌனத்தை அங்கேயும் விடவில்லை. கலிவரதனுக்கு வியாழக்கிழமைகளில் ஜெர்மன் மறந்துவிடும் என்று சக தொழிலாளிகள் நம்பினார்கள்.

ஜெர்மன் அவருக்கு மற்ற நாட்களிலும் தகராறுதான். பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு ஒரு அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருந்த காலம். கோப்பைக் காணோம், இந்தச் சான்று போதாது, அந்த முத்திரை சரியில்லை என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்கள். ஒருநாள் அந்த அலுவலர் அம்மாள் பரிதாபப்பட்டு, "உங்களைத் திரும்பத் திரும்ப வரவைக்கிறோம், மன்னிக்கவும்," என்றார். இவர் ஒரு மூச்சு விட்டார். 'பரவாயில்லை, என்னிடம் நிறையப் பொறுமை இருக்கிறது' என்று சொல்ல நினைத்தார். பொறுமைக்கு ஜெர்மனில் 'கெடுல்ட்'. பணத்துக்கு 'கெல்ட்'. என்னிடம் நிறையப் பணம் இருக்கிறது என்று புன்னகையோடு சொல்லிவிட்டார். உதவித்தொகை கேட்டு வந்த இடத்தில்! அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதைத் தெளிவாக்க இன்னும் நாலைந்து முறை அலைய வேண்டியிருந்தது. அதற்கும் அவரிடம் கெடுல்ட் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஊர்ச் சமூகக் கூடத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கலாமா என்று கேட்டார். சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சரியென்று அவரே ஒரு வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார். சொல்லிக் கொடுத்தது எங்கள் மகளைவிட இளைய பெண். முதல் நாள் போய்வந்து, "நல்லா சொல்லிக் குடுக்குது அந்தப் பொண்ணு. கால் வெரல்ல இருந்து ஆரம்பிக்குது. நமக்கு இது தோணவே இல்ல பாரேன்," என்றார். என் கணவரிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான்.

எங்கள் ஒரே மகள் முல்லை. இங்கேயே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் யாழ்ப்பாணத்து ஆசிரியை, "வூடு இல்லை பிள்ளை, வீடு. கொம்மா கொப்பாவும் இப்பிடியே கதைக்கினம்?" என்று கேட்டாராம். அவள் வந்து, "நாம பேசறது தப்பாம்மா? இன்னா பேசறதுன்னே தெரில," என்று அழுதாள்.

அழுவாள், அதைவிட அதிகமாகக் கோபப்படுவாள். பொம்மை உடையும், பென்சில் முறியும். பெரியவளானதும் கதவு அறைந்து சாத்தப்படும். அவர் ஒருநாளும் திருப்பிக் கத்தியதில்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டு மெதுவாகச் சிரிப்பார். அதைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் ஏறும். படிப்பு முடிந்ததும் ஹாம்பர்க்கில் வேலை என்று போனவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய்விட்டாள். பண்டிகைக்கு வந்தாலும் மறுநாளே ரயில். போனில் வானிலையும் உடல்நலமும் மட்டும். இந்த நாட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் என்று நாங்கள் ஒருவரையொருவர் சமாதானம் செய்துகொண்டோம்.

உடைந்த கை, பறந்த தட்டு, ஷட்டர், புளியமரம் எதையும் அவளிடம் நாங்கள் சொன்னதில்லை. அவர் சொல்ல விடவில்லை. "அந்த ஆளு செத்துட்டான் ஜெயா. அவன எதுக்கு கொழந்தைக்கு காட்டணும்?" என்பார்.

6

இப்போது மறுபடியும் அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மதியம் வரை பால்கனியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு கெல்லர் அம்மாள் கதவைத் தட்டினார். நானும் பின்னால் நின்றேன். கதவு சங்கிலி போட்டபடி கொஞ்சமாகத் திறந்தது.

"மன்னித்துவிடுங்கள். உங்களைப் பயமுறுத்திவிட்டேன்," என்றார் ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக.

"நானும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார் அந்த அம்மாள். சங்கிலியை எடுத்தார். பிறகு ஆவலை அடக்க முடியாமல், "ஆனால், அப்படி என்னதான் சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

"நான் உங்கள் வீட்டு வேலைக்காரனா என்று கேட்டேன்."

கெல்லர் அம்மாள் சற்று யோசித்தார். "என் வீட்டுக்காரரும் சாகும்வரை என்னிடம் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்," என்றார்.

மூவரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அவர் முகம் பழையபடி வாடிவிட்டது. அந்த அம்மாள் மன்னித்துவிட்டார், இவர்தான் தன்னை மன்னிக்கவில்லை.

மாலையில் முல்லை வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாள். வழக்கமான மூன்று நிமிடப் பேச்சு. முடிக்கப் போகும்போது, "அப்பா எங்க?" என்றாள். மறைக்கத் தோன்றவில்லை. "மாடிப்படியில கத்திட்டாரு. அதுல இருந்து மூஞ்சியே சரியில்ல," என்றேன்.



"யாரு? அப்பாவா? அப்பா கத்தினாரா?"

"கட்டடமே கேட்டுச்சு."

"போன அப்பாகிட்ட குடும்மா."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். அவர் குற்றவாளி மாதிரி எதிரே உட்கார்ந்தார்.

"அப்பா, உண்மையா கத்தினியா?"

"ஆமாம்மா. தப்புதான்."

"தப்பு இல்லப்பா." பாதி தமிழிலும் பாதி ஜெர்மனிலும் கொட்டினாள். "நான் சின்ன வயசுல இருந்து, இந்த வூட்ல எனக்கு மட்டும்தான் கோவம் வருதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எனக்குள்ளதான் ஏதோ கெட்டுப்போய் கீதுன்னு. நான் கத்துவேன், நீ சிரிப்ப. அத பாக்கும்போதெல்லாம் எனக்கு வெக்கமா இருக்கும். உன் பக்கத்துல வரவே பயமா இருக்கும்பா. அதனாலதான் நான் வரதே இல்ல."

அவர் மூச்சு விடுவார் என்று பார்த்தேன். விடவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுகிற சத்தம் போனில் அவளுக்கும் கேட்டிருக்கும். அவளும் போனை வைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையே ரயிலேறி வந்துவிட்டாள். சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் ஷட்டரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். குழம்புக் கிண்ணம், ஸ்பேனர், தன் அம்மா பக்கத்தில் வரப் பயந்தது எல்லாவற்றையும். எனக்கே தெரியாத இரண்டொன்றும் அதில் இருந்தன. முல்லை அவர் வலது கையை எடுத்து அந்த முட்டியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இத நீ சைக்கிள்ல வுழுந்ததுன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

"அப்போ கோவம் போவவே போவாதாப்பா?"

"போவாதும்மா. இன்னிக்கு வரைக்கும் எனக்கு போவல. நீ அத எங்க வெச்சிக்கறன்றதுதான் கணக்கு. எனக்கு தெரிஞ்சத சொல்றேன், உனக்கு தெரிஞ்சத நீ சொல்லு."

அவளுக்கும் தெரிந்திருந்தது. ஹாம்பர்க்கில் வாரம் இரண்டு நாள் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகிறாளாம். கோணி மாதிரி ஒரு மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு அடிப்பார்களாம். எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள். அவர் உட்கார்ந்த இடத்திலேயே எப்படிக் கை வைப்பது, எப்படிக் கால் வைப்பது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "ஷட்டருக்கு பதிலா மூட்ட. நல்ல யோசன," என்றார்.

ஞாயிறு காலை சமையலறைக் குழாய் ஒழுகியது. அப்பாவும் மகளும் தொட்டிக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு படுத்தார்கள். எந்தப் பக்கம் திருகுவது என்று பேச்சு தடித்தது.

"அந்தப் பக்கம் இல்லப்பா! சொன்னா கேளு!"

"டிராக்டர் இன்ஜின பிரிச்சவன்கிட்ட குழாய் திருக சொல்லித் தரியா நீ?"

"நீ திருகினா ஒடஞ்சிடும்!"

"ஒடைஞ்சா ஒடையட்டும், ஸ்பேனர குடு இங்க!"

இரண்டு குரலும் ஒன்றையொன்று மீறிக்கொண்டு ஏறின. தண்ணீர் பீய்ச்சியடிக்கும் சத்தம், அவள் அலறல், தொடர்ந்து இருவரின் சிரிப்பு, உடனே மறுபடியும் சண்டை. வாசல் மணி அடித்தது. போய்த் திறந்தேன். கெல்லர் அம்மாள் வீட்டுச் செருப்போடு, கவலை தோய்ந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

"சரியாக இருக்கிறது," என்றேன். "என் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள்."